கறுப்பு வெள்ளையில் விடிந்த காலை

காலையில் எழுந்ததும் மாசிலாமணி பல் தேய்த்தார், கண்ணுக்கு வண்ணம் வைத்தார், காபி குடித்தார். செவ்வாய்க் குடியிருப்பில் எல்லோரும் செய்வதுதான். பிறவிக் கண் அந்தத் தூசியில் முப்பது வயதுக்கு மேல் தாக்குப்பிடிக்காது. அதற்குப் பதில் விழித்தகடு. ஒளி, நிறம், எழுத்தின் பருமன் எல்லாவற்றையும் இமையைச் சிமிட்டியே மாற்றிக்கொள்ளலாம்.

மாற்றலாம், சரி. நிற்க வேண்டுமே! வைத்த வண்ணம் காபி ஆறுவதற்குள் கறுப்பு வெள்ளையாகிவிடும். மறுபடி சிமிட்டினால் உலகமே கத்தரிப்பூ நிறம். ஒருநாள் மருந்துச் சீட்டிலிருந்த ஒரு ‘அ’ பெருத்துப் பெருத்து அறை முழுக்க நின்றது. அதைச் சுற்றிக்கொண்டுதான் குளிக்கப் போனார். சிமிட்டிச் சிமிட்டி அவர் புருவம் பாதி தேய்ந்துபோயிற்று.

இன்று விளையாட்டில்லை. பத்து மணிக்கு நிறச் சோதனை, பன்னிரண்டுக்குக் கப்பல். அவசரக் கதவின் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் பிரித்துச் சொல்பவருக்கே பூமிக்கு இடம். மகளின் பிரசவத்துக்கு அம்பாசமுத்திரம் போன மனைவி பூரணி அங்கேயே காத்திருக்கிறாள். அடுத்த கப்பல் வருவதற்குள் மாசிலாமணிக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

ஒன்பதரை மணிக்குப் பழுதுநீக்கி இயந்திரம் வந்தது. ஆறு கை, அறுபது ஆளின் பணிவு.

“கண்ணை ஒருதரம் மூடித் திறந்து பாத்தீங்களா ஐயா?”

“எழுபத்தினாலு வருஷமா அதைத்தானப்பா பண்ணிக்கிட்டிருக்கேன்!”

அது அவர் காதோரம் ஒரு கம்பியைச் செருகிப் பார்த்தது.

“தகட்டுல கோளாறு இல்ல. நீங்க வைக்கிற வண்ணம் கணக்குலதான் பதியுது. அந்தக் கணக்குல யார் எதை மாத்தினாலும் எல்லாருக்கும் மாறிடும். எத்தனை பேருக்குக் கடவுச்சொல் குடுத்திருக்கீங்க?”

“என் கணக்கு. நம்ம வீட்டாளுங்கதான்.” மாசிலாமணி தொண்டையைச் செருமினார். “சம்பந்தி, பழைய படம் பாக்க கறுப்பு வெள்ளை வைப்பாரு. எதிர்வீட்டு டெய்சி டீச்சர். அவங்க அக்கா… கேட்டா இல்லைன்னா சொல்றது?”

“மொத்தம் ஆயிரத்து இருநூத்திப் பதினோரு பேர், ஐயா.”

“கடவுச்சொல்லை மாத்து! சம்பந்தி கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்!”

“உங்களால மாத்த முடியாது. கணக்கு உங்களோடது இல்ல. நீங்க நானூத்தி ஆறாவது விருந்தாளி.”

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. பதினைந்து வருடத்துக்கு முன் சலூனில், பக்கத்து நாற்காலிக்காரர் பெரிய மனதோடு சொன்ன கடவுச்சொல் அது. சொல்லிச் சொல்லித் தன்னுடையது என்றே ஆகிவிட்டது.

“கணக்குக்குச் சொந்தக்காரரும் அஞ்சு வருஷமா இதே புகார்தான் குடுக்கறாரு. காரணத்தை இப்பதான் அவருக்கு அனுப்பினேன்” என்றது இயந்திரம், கடமை முடிந்த மகிழ்ச்சியில்.

மாசிலாமணி விழுந்தடித்து ஓடினார். அதிசயம், வழியெல்லாம் வண்ணம் கலையவில்லை. பத்துக்கு ஒரு நிமிடம் இருக்கையில் மருத்துவரின் எதிரில் உட்கார்ந்தார். விளக்கு எரிந்தது. சிவப்பு! பளிச்சென்ற, பூரணியின் குங்குமச் சிவப்பு!

“பெரியவரே, இது என்ன நிறம்?”

வாயைத் திறந்தார். எல்லாம் இருண்டது. இருட்டின் நடுவில் ஒரே வரி: ‘கடவுச்சொல் தவறு.’

வெளியே தெருவில் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதி விழும் சத்தம். தொலைவில் கப்பலின் முதல் மணி. மேசையில் மருத்துவர் எதையோ தடவித் தடவித் தேடுவது மட்டும் கேட்டது.

பிறகு அவர் குரல் மெதுவாக வந்தது.

“பெரியவரே… புதுசு யாராவது சொன்னா, எனக்கும் கொஞ்சம் சொல்றீங்களா?”