அலைத்தொட்டியில் நின்ற அலை

இயந்திரம் ஓடவில்லை. ஆனாலும் அலைத்தொட்டியின் நடுவில் தண்ணீர் எழுந்து எழுந்து தாழ்ந்துகொண்டிருந்தது.

தபிதா கண்ணாடிச் சுவரில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். அவள் குடும்பம் புலம்பெயர்ந்து வந்த ரண்டர்ஸ் நகருக்கு வெளியே, துறைமுகத் தடுப்புச்சுவர்களின் மாதிரிகளைச் செயற்கை அலைகளால் மோதிப் பார்க்கும் ஆய்வுகூடம் அது. வெள்ளிக்கிழமை என்பதால் மற்றவர்கள் மத்தியானமே போய்விட்டார்கள். கூரைக் கண்ணாடியிலிருந்து டிசம்பர் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துபோக, குளோரின் நெடியும் ஈரச் சரளைக்கல்லின் மணமும் அந்த நீண்ட மண்டபத்தில் கனத்துக் கிடந்தன.

அலை என்றால் ஒரு முனையில் பிறந்து மறுமுனைக்குப் போக வேண்டும். இது போகவில்லை. போகிற அலையும் சுவரில் மோதித் திரும்புகிற அலையும் சேர்ந்தால் இப்படி ஓரிடத்திலேயே நின்று ஆடும். நிலையலை. ஆனால் அதற்கு யாராவது தள்ள வேண்டும்.

அது ஆடிக்கொண்டிருந்த இடம் அவளுக்குத் தெரியும். போன மாசியில் அவளுடைய தம்பி ஜெரோஷன் உள்ளே இறங்கி அளவுகருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பொறுப்பாளர் ரஜிதன் பார்க்காமல் இயந்திரத்தை முடுக்கிவிட்டான். பெடியன் சொல்லாமல் இறங்கினான் என்று விசாரணையில் சொல்லித் தப்பியும் கொண்டான். பழி செத்தவன் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து வேலை முடிந்து போகும்போதெல்லாம் தபிதா இந்தக் கண்ணாடியில் வாயை வைத்து ஒரே சொல்லைச் சொல்லிவந்தாள்.

"வா."

ஒரு பொருளை அதற்கே உரிய தாளத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால், எவ்வளவு மெல்லத் தள்ளினாலும் அசைவு பெருகும். அவள் தள்ளியிருக்கிறாள்.

மேல்மாடி அறையில் ரஜிதன் மட்டும் இன்னும் போகாமல் இருந்தான். அண்ணாந்து கூப்பிட்டாள்.

"அண்ணை, ஒருக்கா வாங்கோ. தண்ணி நிக்குதில்லை."

ரஜிதன் கோப்பிக் கோப்பையோடு தொட்டிக்கு மேலே இருந்த நடைபாதையில் வந்து எட்டிப் பார்த்தான்.

"நீ மெசினைப் போட்டனியே?"

"இல்லை. அண்ணை, அண்டைக்குப் போட்டது ஆர்?"

"திரும்பவும் அந்தக் கதையே? அவன் சொல்லாமல் இறங்கினவன், தபிதா."

தண்ணீர் ஒரு முழம் உயர்ந்தது. சத்தமே இல்லை.

"உங்களிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் இறங்கினவன். அம்மாவிட்டை மட்டுமாவது உண்மையைச் சொல்லுங்கோ."

"நான் ஏன் பொய் சொல்லுறன்? அவன்ரை பிழை."

இன்னொரு முழம்.

அப்போதுதான் ஒலி வந்தது. தண்ணீருக்குள் ஒலி காற்றில் போவதைவிட விரைவாக, நெருக்கியும் விலக்கியும் ஓடும். அது கண்ணாடியைத் தாண்டி அவள் விலா எலும்புகளுக்குள் இறங்கியது. தட். தட். உள்ளேயிருந்து யாரோ தட்டுகிறார்கள்.

ரஜிதன் இன்னும் குனிந்தான். அலை அவன் முகத்தருகே வந்துவிட்டிருந்தது. அவள் கத்தியிருக்கலாம்.

கத்தவில்லை.

கோப்பை நடைபாதையில் விழுந்து உருண்டது. மேலே ஆளில்லை.

தொட்டியில் நுரை. ஒரு சப்பாத்து. பிறகு ஒன்றுமில்லை. அவள் நெஞ்சுக்குள் பல மாதங்களாக இறுகிக்கிடந்தது ஒரு நொடி இளகியது. ஒரே ஒரு நொடி.

தொட்டி முழுவதும் எண்ணெய்போல் அசையாமல் கிடந்தது. அந்த ஓரிடம் மட்டும் எழுந்தது. ரஜிதன் நெட்டுக்குத்தாக நின்றபடி மேலே வந்தான். கண்கள் வெளுத்திருந்தன. மார்பு அசையவில்லை. பின்னாலிருந்து ஊதிப்போன இரண்டு கைகள் அவன் தாடையைப் பிடித்துத் திறந்தன.

"நான்தான் போட்டனான்."

தாழ்ந்தான். எழுந்தான். விரல்கள் தாடையை அசைத்தன.

"நான்தான் போட்டனான்."

"காணும், தம்பி," என்றாள் தபிதா. "காணும். விடு."

தாழ்ந்தான். எழுந்தான். இந்த முறை இன்னும் உயரமாக. தாடை ஒரு பக்கமாகக் கழன்று தொங்கியது. விரல்கள் அதைப் பொறுமையாக எடுத்துப் பொருத்தி, மறுபடி திறந்தன.

"நான்தான்."