உலைக்காரன் பிரித்த உறை

சைக்கிளில் பிரேக் பிடிக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது.

தொண்ணூற்றொன்றாம் வருட நவம்பர். பட்டரவாக்கம் ரயில்வே கேட்டைத் தாண்டி அம்பத்தூர் எஸ்டேட்டுக்குத் திரும்புகிற முனையில், இக்னேஷியஸின் சைக்கிள் நேராகப் போய் ஒரு கறுப்புக் குடையில் மோதியது. குடை ஒரு பக்கம்... குடைக்குள் இருந்த பெண் ஒரு பக்கம்... அவள் தோளில் தொங்கிய துணிப்பை மட்டும், அங்கே இருந்த பள்ளங்களிலேயே பெரிய பள்ளமாகப் பார்த்து விழுந்தது.

"கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்று அவன்தான் முதலில் கத்தினான். தப்பு தன் பேரில் என்று தெரிந்தால் முந்திக்கொண்டு கத்திவிடுவது அவன் வழக்கம்.

அவள் நிமிர்ந்தாள்.

இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கண்கள் யோசிக்கவில்லை... எரித்தன. ஏழு வருடமாக உலை வாயில் நிற்பவன் அவன். நிறத்தைப் பார்த்தே சூடு சொல்வான். இது எண்ணூற்று ஐம்பது டிகிரிக்குக் குறையாது என்று தோன்றியது.

"இடிச்சது நீங்க. கண்ணு எனக்கா இல்ல?" என்றாள். அப்புறம்தான் தோளைத் தொட்டுப் பார்த்தாள். "ஐயோ, என் பை!"

பைக்குள் மூன்று பழுப்பு உறைகள். ஓரங்களில் சேற்றுத் தண்ணீர் ஏறியிருந்தது. அவள் முழங்கையிலிருந்து ரத்தம் வழிந்தது. அதை அவள் பார்க்கவே இல்லை. உறைகளைத்தான் துப்பட்டாவால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ரத்தம் வருதுங்க. எங்க பட்டறை அந்தா கீது பாருங்க, மஞ்சா கேட்டு. மருந்து கீது. பேப்பரையும் காய வெச்சிக் குடுத்துடறேன்... வாங்க."

பட்டறையில் கியர்களுக்குச் சூடேற்றிக் கடினமாக்கும் வேலை. உள்ளே எண்ணெய்ப் புகை, கரி, ஆளை அடிக்கும் அனல். அவள் முகம் சுளிக்கவில்லை. குழாயடியில் கையைக் கழுவி, டிங்சர் போட்டுக்கொண்டு அஞ்சே நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

இக்னேஷியஸ் பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றான். காலையில் அணைத்த சின்ன உலையின் மீதிச் சூட்டில், தட்டு ஒன்றில் காகிதங்கள் வரிசையாகப் படுத்திருந்தன. பக்கத்தில் மூன்று உறைகள்... வாய் பிளந்து.

"அறுவது டிகிரி, இருவது நிமிசம். ஒரு சுருக்கம் வராதுங்க" என்றான். தட்டின் ஓரத்தில் ஓர் அட்டைகூடச் சொருகியிருந்தான். அந்தப் பட்டறையில் உலைக்குள் போகிற பொருளுக்கு 'ஜாப்' என்று பெயர். எந்த ஜாப்புக்கும் ஓர் அட்டை உண்டு. என்ன பொருள், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எப்படி ஆறவிடுவது, யார் சரிபார்த்தது. பொருள் உரியவர் கைக்குப் போய்ச் சேரும்வரை அட்டை அதோடு கூடவே இருக்கும். இந்த அட்டையில் 'பொருள்: காயிதம்' என்று எழுதியிருந்தான்.

"பிரிச்சீங்களா..." அவள் தட்டருகே ஓடினாள். "மூணையும் பிரிச்சிட்டீங்களா?"

"பிரிக்காம எப்பிடிங்க காயும்?"

"மேல சீல் இருந்துச்சே! ஒட்டின இடத்துல கையெழுத்து இருந்துச்சே!"

"அட, எங்க ஜாப் மேலகூடத்தான் இன்ஸ்பெக்டரு கையெழுத்துப் போட்டு அனுப்புறாரு. அதையும் நாங்க உள்ளதான போடறோம்?"

அவள் அங்கேயே, கரி படிந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

விஷயம் அப்புறம்தான் துண்டு துண்டாக வந்தது. பெயர் ஞானசௌந்தரி. கல்லூரியில் உலோகவியல் கடைசி வருடம். அமெரிக்காவில் இரண்டு வருட மேல்படிப்புக்கு மூன்று கல்லூரிகளுக்கு மனுப் போடுகிறாள். மதிப்பெண் பட்டியலைக் கல்லூரி அலுவலகமே உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் அதிகாரி கையெழுத்தும் சீலும் வைத்துத் தரும். பிரிக்காமல் போனால்தான் அங்கே மதிப்பு. பிரித்தால்... வெறும் காகிதம். இந்த மூன்றையும் வாங்க அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று. வருகிற வாரத்துக்குள் தபாலில் சேர்க்காவிட்டால் இந்த வருடம் போச்சு.

"அடுத்த வருசம் போட்டா?" தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அடுத்த வருஷம்னா எனக்குக் கல்யாணம். அத்தை மாப்பிள்ளையைக் கைல வெச்சுக்கிட்டு நிக்குது. நைனாதான் இந்த ஒரு வருஷம் பொறுன்னு சொல்லி நிறுத்தி வெச்சிருக்காரு. அவரு ஃபவுண்ட்ரில மோல்டரு, இரும்பு ஊத்த மணல்ல அச்சு தட்டறவரு... முப்பது வருஷமா மணல் பெட்டியோட இருக்காரு."

இக்னேஷியஸ் தன் கையைப் பார்த்துக்கொண்டான். உறை பிரித்த கை.

"நாளைக்கு நானும் வரேன்" என்றான். "நான்தான் பிரிச்சேன்னு நானே சொல்றேன். நாலு வாங்கு வாங்குனாலும் வாங்கிக்கிறேன்."

* * *

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த அலுவலகத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சாயங்காலம் நாலு வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள்.

"உலையில காய வெச்சியா?" எழுத்தரம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கி அவனை ஒரு தரம் முழுசாகப் பார்த்தார். "நல்லவேளை, இஸ்திரி போடல."

அவர் நல்லவர். ஆனால் ஒவ்வொரு பட்டியலையும் புதிதாக டைப் அடிக்க வேண்டும், ரெஜிஸ்டரோடு ஒப்பிட வேண்டும். கையெழுத்துப் போடுகிற அதிகாரியோ அன்று மாலையோடு நீண்ட லீவு.

"ஒண்ணுதாம்மா முடியும். மத்தது ஜனவரிலதான். அந்த ஒண்ணு எந்தக் காலேஜுக்குன்னு முடிவு பண்ணிக்கோ."

மூன்றில் ஒன்று. அவன் கை செய்த வேலையில், மூன்று வாசல் ஒரு வாசலாகச் சுருங்கிவிட்டது.

திரும்புகிறபோது திருவள்ளூர் லோக்கல் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. சன்னலில் மழை சாரலாய்... ஞானசௌந்தரி மடியில் மூன்று வண்ணப் புத்தகங்கள். கல்லூரிகள் அனுப்பியவை.

"இதுதான் பெரிய பேரு" என்று ஒன்றைத் தட்டினாள். "நைனாவோட ஃபோர்மேனுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு. இது கலிஃபோர்னியா... வெயில் ஊரு, என் கிளாஸ் பசங்க பாதிப் பேரு இங்கதான் போடறாங்க. இது வடக்குல, ஏதோ பனி ஊரு. புரொஃபசர் ஒருத்தர் கைப்பட லெட்டர் போட்டிருந்தாரு, அதனாலதான் இதையும் சேர்த்தேன். யாரும் பேரே கேள்விப்பட்டதில்ல."

"பெருசுக்கே போடுங்க."

"அப்படியா?"

"எனுக்கு இன்னா தெரியும்? படம் பாக்கறேன், குடுங்க."

கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். மெதுவாகப் புரட்டினான். பட்டரவாக்கம் வருவதற்குள் மூன்றையும் இரண்டு தரம் பார்த்துவிட்டான்.

"கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. இந்த ரெண்டுலயும் அல்லாரும் புல்லுல உக்காந்து சிரிச்சிகினு கீறாங்க. படிக்கப் போனாங்களா, பிக்னிக்குப் போனாங்களா?"

"போட்டோன்னா அப்படித்தான் எடுப்பாங்க."

"இதுலயும் போட்டோதான கீது?" பனி ஊர்ப் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினான். "இங்க பாருங்க."

ஓர் ஓரத்தில் சின்னப் படம். பெரிய கண்ணாடி மாட்டிய ஒரு பெண், கையில் நீளக் கரண்டி. கரண்டி நிறைய உருகிய இரும்பு. கன்னத்தில் ஒரு கரிக்கோடு. அவளுக்குப் பின்னால் மணல் பெட்டிகள்... ஞானசௌந்தரியின் அப்பா தட்டுகிற அதே மாதிரி.

இந்தப் புத்தகத்தை அவள் பத்து தரமாவது புரட்டியிருப்பாள். கட்டணம், மதிப்பெண், உதவித்தொகை என்று எழுத்தைத்தான் படித்தாளே தவிர இந்தப் படத்தைப் பார்க்கவில்லை.

"இந்தப் பொண்ணு சிரிக்கல" என்றான். "வேல செய்யுது. கையக் கட்டி நிக்க வெச்சி சொல்லிக் குடுக்கற எடமா இருந்தா, கன்னத்துல கரி வராதுங்க."

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவனை. புருவத்தில் பாதி கருகிப் போன முகம்... சிரித்தால் மட்டும் பையன் மாதிரி ஆகிவிடுகிற முகம்.

*இவனுக்கு எப்படித் தெரிந்தது? எனக்கு வேண்டியது இதுதான் என்று எனக்கே தெரியாதபோது...*

வீட்டில் அப்பா கிறிஸ்துதாஸுக்கு முதலில் பிடிக்கவில்லை. "பேரு தெரியாத காலேஜுக்கா? ஃபோர்மேன்கிட்ட நான் இன்னான்னு சொல்வேன்?" என்றார். படத்தைக் காட்டினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், "மணல்ல ஈரம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். புத்தகத்தை அவள் கையில் திருப்பிக் கொடுத்து, "சரி, போடு" என்றார்.

* * *

டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. காலை ஏழு பத்துக்கு அவன் திருநின்றவூரிலிருந்து பட்டரவாக்கத்தில் வந்து இறங்குவான்; பட்டறைக்குப் போகிற சைக்கிள் ஸ்டேஷன் ஸ்டாண்டில் நிற்கும். அவள் சென்ட்ரல் போகும் அடுத்த வண்டிக்கு அதே பிளாட்பாரத்தில் நிற்பாள். நடுவில் நாலு நிமிடம்.

"லெட்டர் வந்துச்சா?"

"வரல."

"வரும். வராட்டி நான் போயி அந்தக் காலேஜ்ல உக்காந்துக்கறேன், பெஞ்சு இருந்தா."

நாலு நிமிடம் ஒரு நாளைக்குப் போதவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது... யாரும் சொல்லவில்லை.

மார்ச்சில் வந்தது. இடமும் உண்டு, உலைக்கூடத்தில் உதவியாளர் வேலையும் உண்டு, கட்டணம் வேண்டாம். ஞானசௌந்தரி ஜாங்கிரிப் பொட்டலத்தோடு பட்டறைக்கே ஓடினாள். முகமெல்லாம் வேர்வை, சிரிப்பு.

"கிடைச்சிடுச்சு! உங்க கரிப் பொண்ணு காலேஜு!"

இக்னேஷியஸின் கண்ணில் ஒரு நொடி... ஒரே நொடி... விளக்குப் போட்ட மாதிரி வெளிச்சம் வந்தது.

உலைக்கு அந்தப் பக்கம் நின்ற கன்னியப்பன் ஜாங்கிரியைக் கடித்துக்கொண்டே சொன்னான்: "மாமே, சைக்கிள்ள இடிச்சே திமிங்கிலம் புட்ச்சிட்டியே! இனிமே இன்னாத்துக்கு உலை? டாலர எரிச்சே குளிர் காயலாம்."

நாலு பேர் சிரித்தார்கள். இக்னேஷியஸ் சிரிக்கவில்லை. இடுக்கியை எடுத்துக்கொண்டு திரும்பினான்.

"ஜாப் உள்ள கீது மேடம். அப்பால பாக்கலாம்."

மேடம்!

அடுத்த வாரமே மதிய ஷிப்டுக்கு மாறிவிட்டான். ஏழு பத்து வண்டி வந்தது, போனது. பிளாட்பாரத்தில் அந்தக் கருகின புருவம் இல்லை. ஒரு வாரம் அவளுக்கு அழுகை வந்தது. அப்புறம் கோபம் வந்தது. கோபம் அழுகையைவிட நன்றாகத் தாங்கியது. பரீட்சை முடிந்து, விசா கிடைத்து, பெட்டி வாங்குகிற வரைக்கும் தாங்கியது.

* * *

ஆகஸ்டில் ஒரு மதியம். வெயிலுக்கு நடுவே திடீரென்று மழை கொட்டியது. அதே கேட் முனையில், அதே கறுப்புக் குடையோடு, இந்தத் தடவை நடுரோட்டில் நின்றாள் ஞானசௌந்தரி.

சைக்கிள் கிறீச்சென்று நின்றது. ஒரு சாண் இடைவெளி.

"பரவால்லியே, பிரேக் புடிக்குது" என்றாள்.

"மாத்திட்டேன்." அவன் இறங்கினான். மழை தலையில் இறங்கியது. "நாளான்னிக்குக் கெளம்பறீங்களாமே? உங்க நைனா டீக்கடைல சொல்லிகினு இருந்தாரு. காலேஜு பேரைச் சொன்னாரு... பெருமையா."

"நீங்க ஏன் ஷிப்டு மாத்துனீங்க?"

அவன் தண்டவாளத்தைப் பார்த்தான்.

"கேக்கறேன்ல!"

"கன்னியப்பன் சொன்னத நீங்க கேக்கலியா? டாலருக்குப் பின்னாடி வந்தவன்னு என்ன எவன் சொன்னாலும் தொடச்சிப் போட்டுடுவேன். உங்க மனசுல ஒரு நாள் அது தோணிச்சின்னா... அத என்னால தாங்க முடியாது. நான் ஐடிஐ. நீங்க இனிமே எங்கியோ போயிடுவீங்க."

"கேட்டேன். எல்லாரும் சிரிச்சப்ப நானும் அங்கதான நின்னேன்? நான் போனேனா? நீங்கதான் போனீங்க." அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். "அன்னிக்குக் கேக்காம பிரிச்சீங்க. அப்புறம் கேக்காமலே மூடிட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"



இக்னேஷியஸ் சாப்பாட்டுப் பையில் கை விட்டான். பாலிதீனில் சுற்றிய ஒரு பழுப்பு உறை. நன்றாக ஒட்டியிருந்தது. ஒட்டின இடத்தின் மேல் குறுக்கே அவன் கையெழுத்து, அந்த அதிகாரி போட்டிருந்த மாதிரியே சாய்வாக.

"மூணு மாசமா வெச்சிகினு சுத்தறேன். அங்க போயிப் பிரிங்க. இங்க பிரிச்சா செல்லாது."

அவள் வாங்கினாள். கையெழுத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்... ஒரே இழுப்பில் கிழித்தாள்.

"ஏங்க!"

"எனக்கும் சீல் உடைக்கத் தெரியும்."

உள்ளே ஒரு பட்டறை அட்டை. கட்டம் கட்டமாக, கொட்டை எழுத்தில்.

பொருள்: இக்னேஷியஸ்.
சூடு: மீட்டரில் வரவில்லை. கேட் முனையில் ஏறியது, இன்னும் இறங்கவில்லை.
வைக்கும் நேரம்: இரண்டு வருடம். மேலே போனாலும் தாங்கும்.
ஆறவிடும் முறை: ஆறாது.
சரிபார்த்தவர்:

கடைசிக் கட்டம் காலியாக இருந்தது.

அவள் கண்ணில் தண்ணீர் தளும்பியது. மழை என்று சொல்லிக்கொள்ளலாம்... குடைக்குள் மழை ஏது?

"எனக்குச் சூடு ஏறுனது இந்த முனைல இல்ல" என்றாள் மெல்ல. "அந்த ஆஃபீஸ் பெஞ்சுல. ரெண்டு டீ வாங்க காசில்லாம ஒண்ணு வாங்கியாந்து, நான் கடைலயே குடிச்சிட்டேன்னு பொய் சொன்னீங்க பாருங்க... அப்பவே எனக்குப் பிடிச்சிருச்சு. இத்தனை நாளா நீங்க சொல்வீங்க சொல்வீங்கன்னு பாத்தேன். சரி, பேனா குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க சொல்றேன்."

சைக்கிள் சீட்டில் அட்டையை வைத்து, காலிக் கட்டத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஊதிக் காயவைத்தாள். பிறகு அவன் சட்டைப்பையில் சொருகினாள்.

"உங்களுக்குத்தாங்க எழுதினேன்" என்றான் அவன்.

"ஜாப் போய்ச் சேர்ற வரைக்கும் அட்டை ஜாப்கூடவேதான இருக்கணும்? பத்திரமா வெச்சிக்கோங்க. ரெண்டு வருஷத்துல டெலிவரி எடுக்க நானே வருவேன்."

கேட் மூடியது. வண்டி வரும் சத்தம் கேட்டது. பெருமழையில் இருவரும் ரோட்டோரமாக ஒதுங்கி நின்றார்கள். ஞானசௌந்தரி குடையைத் தன் தலைக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சட்டைப்பைக்குப் பிடித்தாள்.