இந்த வாரத்துப் பெயர்

ரிசார்ட்டில் கொடுத்த மூன்று கைப்பட்டைகளையும் திறந்தபடியே சமையல் மேடையில் வைத்துவிட்டுத்தான் மார்லா குளிக்கப் போயிருந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பார்த்தபோது பெரியவை இரண்டும் வைத்த இடத்தில் அப்படியே கிடந்தன. சின்னது மட்டும் பூட்டியிருந்தது. யாரோ அதை மணிக்கட்டில் மாட்டிக் கொக்கியை அழுத்திவிட்டு, பிறகு கையை மட்டும் உருவிக்கொண்டு போயிருந்தார்கள். எடுத்துப் பார்த்தாள். உட்பக்கம் ஈரமாக இருந்தது.

"ஏசி சொட்டியிருக்கும்" என்றான் அவள் கணவன் கிளென், ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் மல்லாந்தபடி. "இந்த ஃப்ளோரிடாவுல எதுதான் ஈரமா இல்ல? என் பேன்ட் பையில இருக்கற சீப்புகூட ஈரமாத்தான் இருக்கு."

மூன்றாவது பட்டை எதற்கு என்று அவன் கேட்கவில்லை. மாலையில் ரிசார்ட்டின் வரவேற்பறையில் அந்தப் பெண் தலையை நிமிர்த்தாமல் "எத்தனை பேரும்மா?" என்று கேட்டபோது மார்லாவின் நாக்கு "மூணு" என்று சொல்லிவிட்டது. ஆறு வருடப் பழக்கம், பிப்ரவரியில் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்ததெல்லாம் நாக்குக்குத் தெரியாது. "சின்னவங்களுக்கு ரோஸ் கலர். பூட்டுல காட்டினா கதவு திறக்கும்" என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். இல்லை, இரண்டு பேர்தான் என்று திருத்தியிருக்கலாம். மார்லா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். கிளென் பக்கத்திலிருந்த மீன்தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இந்தப் பயணமே மகள் ஹேட்டியால் வந்ததுதான். போன வருடம் ஓஹாயோவில் ஊர்த் திருவிழாவில், தீம் பார்க்குக்குப் பக்கத்திலேயே மூன்று இரவு இலவசமாகத் தங்கலாம் என்று ஒரு குலுக்கல் பெட்டி வைத்திருந்தார்கள். சீட்டை ஹேட்டிதான் எம்பி நின்று போட்டாள். பிறகு காய்ச்சல், ரத்தத்தில் புற்று, தோளெலும்புக்குக் கீழே மருந்து ஏற்றப் பதித்த சின்னக் குமிழ். ஊசி போடும்போதெல்லாம் "கோடையில பார்க்குக்குப் போறோம், சரியா?" என்று அம்மாவிடம் உறுதி கேட்டுக்கொண்டாள். மார்லாவும் ஒவ்வொரு முறையும் சரி என்றாள். சீட்டு விழுந்த செய்தி வந்தபோது அவள் இல்லை. இருந்தும் வந்துவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் அதே துக்கம்தானே.

மார்லா பால்கனிக்கு வந்தாள். மரங்களுக்கு அப்பால் ராட்டினத்தின் விளக்குகள் சுழன்றன. காற்று இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் பிள்ளைகளின் கூச்சல் வந்து, திரும்பியதும் அறுந்துபோனது. கீழே, ஏறக்குறைய காலியாகிவிட்ட வண்டி நிறுத்துமிடத்தில் நரைத்த தலையுள்ள ஒரு பெண் தன் காரில் சாய்ந்து நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை ஆட்டினாள். மார்லாவும் மரியாதைக்கு ஆட்டினாள். அப்புறம்தான் கவனித்தாள். அந்தப் பெண்ணின் பார்வை அவள் முகத்தில் இல்லை. அவளுக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில், கம்பிகளுக்கு நடுவில் பதிந்திருந்தது. மார்லா குனிந்து பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை.

இலவசத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. புருஷனும் பெண்டாட்டியுமாக உட்கார்ந்து விற்பனைப் பேச்சு முழுவதையும் கேட்டாக வேண்டும். கேட்டால் பார்க்குக்கு டிக்கெட். மறுநாள் காலை அதற்கான கூடத்தில் முட்டையும் பன்றி இறைச்சியும் ஆவி பறக்கக் காத்திருந்தன. அவர்கள் மேசைக்கு வந்தவள் யோலண்டா என்பவள். ஐம்பதை நெருங்கியவள், கனிந்த குரல்.

"முதல்ல சாப்பிடுங்க. வெறும் வயித்துல கேட்டா எந்த விலையும் ஜாஸ்தியாத்தான் தெரியும்."

"வயிறு ரொம்பினாலும் எனக்கு அதே விலைதாங்க தெரியும்" என்றான் கிளென்.

"சார் என்ன வேலை பாக்கறீங்க?"

"ஸ்கூல் பஸ் ரிப்பேர்."

"போச்சு. உங்ககிட்ட என் பருப்பு வேகாது" என்று சிரித்துவிட்டு அவள் விஷயத்துக்கு வந்தாள். வருடத்தில் ஒரு வாரம். ஒவ்வொரு வருடமும் அதே வாரம், அதே வீடு. மற்ற வாரங்களுக்கு மற்ற குடும்பங்கள். "உங்க ஆயுசு பூரா உங்களோடது. உங்களுக்கப்புறம் உங்க பிள்ளைக்கு."

கிளெனின் முள்கரண்டி தட்டிலேயே நின்றுவிட்டது. காபி எடுத்து வருவதாகச் சொல்லி எழுந்து போனான். யோலண்டாவின் கண்கள் மார்லாவின் மடியில் இருந்தன. ரோஸ் நிறப் பட்டையை மார்லா இரண்டு விரல்களில் கோத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா ரூம்ல தூங்குதா?"

"ம்" என்றாள் மார்லா. "தூங்கறா."

யோலண்டா நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டாள். குரல் தாழ்ந்தது. "நீங்க தங்கியிருக்கற அந்த வீட்டை நாங்க எல்லாருக்கும் தர்றதில்லம்மா. மூணு பேர்னு சொல்லிட்டு ரெண்டு பேரா வந்து நிக்கறவங்களுக்குத்தான். வாங்கினவங்க ஒருத்தர்கூட இதுவரைக்கும் திருப்பித் தந்ததில்ல."

அடுத்த மேசையில் மணி அடித்தது. யாரோ வாங்கிவிட்டால் மணி அடிப்பார்கள், கூடமே கைதட்டும். அங்கே வயதான ஒரு மனிதர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். மனைவி அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். சந்தோஷத்தில் அழுகிறவரின் முதுகு அப்படிக் குலுங்காது.

"சாயங்காலம் வரைக்கும்தான்" என்றாள் யோலண்டா. "அதுக்கு மேல இந்த வாரம் வேற குடும்பத்துக்குப் போயிடும்."

அறைக்குத் திரும்பியதும் கிளென் முடிவாகச் சொல்லிவிட்டான். "ஒரு வாரத்துக்கு இவ்வளவா? வேணாம் மார்லா. நம்மகிட்ட இருக்கறது அவ காலேஜுக்குச் சேத்தது ஒண்ணுதான்."

"அவதான் இல்லையே."

"அதுக்காக? அதை நாமளே தின்னுத் தீத்துடறதா?" குரல் உடைந்தது. அதை மறைக்கத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான். "டிக்கெட்டை வாங்கிட்டு வந்துடறேன். யார்கிட்டயாவது குடுத்துடலாம். நீ பெட்டியைக் கட்டு. ஊருக்குப் போயிடலாம்."

அவன் போன கொஞ்ச நேரத்தில் வானம் இருண்டது. அந்தச் சீமையில் கோடை மதியம் என்றால் அப்படித்தான். வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே ஒரு கருக்கல் வந்து குந்தும். முதலில் ராட்டினங்கள் நின்றன, கூச்சல் அடங்கியது, பிறகு பால்கனிக் கண்ணாடியில் மழை பொரியத் தொடங்கியது. மார்லா பெட்டியை எடுக்கப் படுக்கையறையின் துணி அலமாரியைத் திறந்தாள். அது ஆள் நுழையும் அளவு பெரியது. பெட்டியை இழுக்கையில் நிலைச்சட்டத்தில் பென்சில் கோடுகள் தெரிந்தன.

அவள் வீட்டிலும் சமையலறை நிலையில் அப்படி உண்டு. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஹேட்டியை நிலையோடு ஒட்டி நிறுத்தி, தலைக்கு மேல் புத்தகத்தை வைத்துக் கோடு போட்டிருந்தார்கள். படிப்படியாக ஏறி, ஓரிடத்தில் நின்றுபோன கோடுகள். இங்கே பெயர்கள் வெவ்வேறு கையெழுத்தில் இருந்தன. கோரா. மாத்தியோ. எலீஸ். டோபி. இன்னும் பல. ஒரு பெயர்கூட மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. எல்லாக் கோடுகளும் ஒரே உயரம். வருடா வருடம் அதே இடத்தில் இழுத்து இழுத்து, மரத்தில் விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அவள் கையை வைத்துப் பார்த்தாள். ஹேட்டியின் கடைசிக் கோட்டின் உயரம் அவளுக்கு மனப்பாடம்.

அதே உயரம்.

மின்சாரம் போயிற்று. ஏசியின் முனகல் அடங்கியதும் அதுவரை கேட்காததெல்லாம் கேட்டது. கூரையில் மழை. குழாயில் ஒரு சொட்டு. அவளுடைய மூச்சு.

வாசல் பூட்டு 'பீப்' என்றது.

"கிளென்?"

ஷூ சத்தம் இல்லை. வெறுங்கால்கள். ஈரமான சின்னப் பாதங்கள் தரையில் ஒட்டி, பிரிந்து, ஒட்டி வந்தன. நீச்சல்குளத்தின் மருந்து வாடை முதலில் வந்தது. கூடவே வெயிலுக்குப் பூசும் களிம்பின் தேங்காய் மணம். மார்லா மணிக்கட்டைத் தொட்டாள், பாக்கெட்டைத் தொட்டாள். ரோஸ் பட்டை இல்லை.

பாதங்கள் படுக்கையறைக்குள் வந்தன. அவளைக் கடந்தன. நின்றன.

அது நிலையோடு ஒட்டி நின்றது. குதிகால் மரத்தில் பட, முதுகு நேராக, மோவாய் நிமிர. யாரும் சொல்லாமலே. நின்று நின்று பழகிய நிற்பு.

மின்னியது.

முகம் இருந்தது. ஆனால் இன்னும் முடிவாகவில்லை. கண்ணும் மூக்கும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் பிசைந்து வைத்த மாவுபோல் ஏதோ காத்திருந்தது.

ஓடியிருக்கலாம். வாசல் திறந்தே கிடந்தது. ஆனால் மார்லாவின் கை, பயத்தை மீறி, ஆறு மாத ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் அந்தக் கழுத்துக்குக் கீழே போனது. தோளெலும்பு. அதற்குக் கீழே. குமிழ் இருக்க வேண்டிய இடம். தழும்பாவது.

வழவழவென்று இருந்தது. இது அவளில்லை.

"இந்த வாரம் எனக்கு என்ன பேரு?" என்று அது கேட்டது.

சும்மா இருந்தால் போதும் என்று மார்லாவுக்குத் தெரியும். பெயர் சொல்லாவிட்டால் இது இப்படியே நிற்கும், கிளென் வருவான், காரில் ஏறினால் விடிவதற்குள் ஜார்ஜியாவைத் தாண்டிவிடலாம். வீட்டில் அந்த நிலை இருக்கும். அந்தக் கடைசிக் கோடு இருக்கும். அதற்கு மேல் வெறும் மரம்.

"ஹேட்டி" என்றாள்.

அடுத்த மின்னலில் அது ஹேட்டியாக இருந்தது. விழுந்த பல்லின் இடைவெளிகூட அதே இடத்தில். "அம்மா, பார்க்குக்கு எப்போ?" என்றது.

கிளென் தொப்பலாக நனைந்து வந்து வாசலிலேயே நின்றான். அது "அப்பா" என்று ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டது. அவன் மண்டியிட்டான். அவன் கையும் அங்கேதான் போனது, தோளெலும்புக்குக் கீழே. விரல் தேடியது. தேடி நின்றது. தலையை உயர்த்தி மார்லாவைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். இருவரும் அதைச் சொல்லவில்லை.

ஈரத் தொப்பியைக் கழற்றியபடி கிளென் சொன்னான். "விலையைக் கொஞ்சம் குறைப்பாங்களான்னு கேட்டுப் பாக்கறேன்."

அன்று மாலை மணி அடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

வாங்கிவிட்டதால் அந்த வாரத்தின் மீதி நாட்களையும் கொடுத்தார்கள். பார்க்குக்குப் போனார்கள். ராட்டினத்தில் ஏற்றினார்கள், பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்தார்கள். ஹேட்டிக்குப் பஞ்சுமிட்டாய் பிடிக்காது. இது கேட்டு வாங்கித் தின்றது. கிளென் வாயைத் துடைத்துவிட்டான். வெள்ளிக்கிழமை அதை நிலையோடு நிறுத்திப் பள்ளத்தின் மேலேயே மார்லா இன்னொரு கோடு இழுத்துப் பெயரை எழுதினாள். அழுதுகொண்டே எழுதினாள், ஆனால் எழுதினாள்.

சனிக்கிழமை காலையில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. செய்தார்கள். மாலைவரை வண்டி நிறுத்துமிடத்திலேயே நின்றார்கள். கிளென் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான். மார்லா மட்டும் இறங்கிக் காரில் சாய்ந்து நின்றாள்.

பால்கனிக்கு நீலச் சட்டை போட்ட இளம்பெண் ஒருத்தி வந்தாள். அழுது வீங்கிய முகம். அவள் இடுப்புயரத்தில், கம்பிகளுக்கு நடுவில், ஹேட்டி நின்றுகொண்டிருந்தாள். மார்லா கையை ஆட்டினாள். ஹேட்டியும் ஆட்டினாள். அந்த இளம்பெண் தனக்குத்தான் என்று நினைத்து, மரியாதைக்குத் தானும் கையை உயர்த்தினாள்.

அடுத்த நாள்தான் அந்தப் புதுக் குடும்பத்துக்குக் காலையில் விற்பனைப் பேச்சு, மதியம் மழை. மார்லா அதுவரைக்கும் கிளம்பவில்லை. இடி ஓய்ந்ததும் மறுபடி அண்ணாந்தாள். இந்த முறை அது மட்டும் தனியாகக் கம்பியைப் பிடித்து நின்றது, இன்னும் ஹேட்டியின் முகத்தோடு, இன்னும் கையை ஆட்டிக்கொண்டு. உள்ளேயிருந்து அந்த இளம்பெண்ணின் குரல், நடுங்கி நடுங்கி, "ஓவன்" என்றது.

அது உடனே திரும்பியது. ஓடப் போகுமுன் ஒருமுறை கீழே எட்டிப் பார்த்தது. செம்பட்டை முடி, முகமெல்லாம் மச்சப்புள்ளி, மார்லா இதுவரை கண்டிராத ஒரு பையன். முன்பின் தெரியாதவர்களுக்கு ஆட்டுவதுபோல் அவளுக்கும் ஒருமுறை கையை ஆட்டிவிட்டு உள்ளே போனான்.