பெயர் கேட்கும் கட்டம்

காலி நாற்காலிக்கு முகம் இருப்பதாகக் கணினி சொன்னது.

திரையில் இருந்த பழைய குடும்பப் படத்தில், நாற்காலியின் முதுகுக்குச் சற்று மேலே, வெறும் சுவரின் மீது, மெல்லிய வெள்ளைக் கட்டம் ஒன்றைப் போட்டு, அதன் கீழே ‘இவர் யார்?’ என்று கேட்டுப் பெயர் எழுத இடமும் விட்டிருந்தது. டச்சிங்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அப்பா, அம்மா, அரைக்கால் சட்டையில் அவர், பக்கத்தில் அந்தக் காலி நாற்காலி. மூன்று பேருக்கு மூன்று கட்டம் சரி. நாலாவது கட்டம் சுவரிடம் பெயர் கேட்டுக்கொண்டிருந்தது.

“முட்டாள் மிஷின்,” என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். வெளியே மழை பிடித்துக்கொண்டு மாலை சீக்கிரமே இருட்டத் தொடங்கியிருந்தது. ஜன்னல் கம்பிகளில் தண்ணீர் சொட்டும் சத்தமும், கணினியின் விசிறி இரைச்சலும் தவிர அந்த முன்னறையில் வேறு சத்தம் இல்லை.

தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புகைப்படங்களை ‘டச்சிங்’ செய்து திருத்துகிறவர் என்பதால் டச்சிங்காரர் என்றால்தான் தெரியும். முகப்பரு, தொப்பை, குறுக்கே தலையை நீட்டிய சமையல்காரர், விவாகரத்தாகிப் போன மாப்பிள்ளை என்று எதை எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிடுவார். எடுத்த இடம் தெரியாது. சும்மா சொல்லக் கூடாது, கை அப்படி. ஆனால் ஊரார் படங்களையெல்லாம் ஒழுங்கு பண்ணியவரின் சொந்த வீட்டுப் படங்கள் மட்டும் பழைய டிஸ்க்குகளிலும் பென்டிரைவ்களிலும் ஸ்கேன் செய்த ஆல்பங்களிலுமாகச் சிதறிக் கிடந்தன. மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மண்டபத்தில் பெரிய திரை வைத்து ஓட்டப் படங்கள் வேண்டும்.

“அப்பா, நீங்களும் நானும் இருக்கற படம் ஒண்ணு விடாம வேணும்,” என்று மகள் சொல்லியிருந்தாள். “அழுது மேக்கப் கலைஞ்சாலும் பரவாயில்ல.”

அதைக் கேட்டதிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. உலகத்தில் அவர் கணக்குப் பார்க்காமல் நேசித்த ஒரே உயிர் அந்தப் பெண்தான். கடைசியில் ஒரு மகளுக்குத் தன் அப்பாவைப் பற்றி மிஞ்சப்போவது அந்தப் படங்கள்தானே என்று அவருக்குத் தோன்றியது.

அதனால்தான் ஒழுங்காக ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றையும் அதில் கொட்டி, முகம் முகமாகப் பிரித்துவிட முடிவு செய்தார். சோதனைக்கு மூன்றை இறக்கியிருந்தார். முதலாவது மாத வாடகைக்காரன். நிறத்தைப் பொறுத்தவரை அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் சொந்தப் படத்தைத் திருத்த மாதாமாதம் படியளக்க வேண்டும். காலி நாற்காலியில் முகம் கண்டுபிடித்தவன் அவன்தான். போடா என்று மூடிவிட்டு இரண்டாவதைத் திறந்தார். இவன் ஒரே தடவை காசு வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறவன், வேகக்காரன், ஆனால் மூட்டையாகப் படங்களைக் கொட்டியதும் அவனுக்கு மூச்சு வாங்கியது. நெடுநேரம் உருட்டிவிட்டு முகங்களை வரிசை வரிசையாக அடுக்கிக் காட்டினான்.

கடைசி வரிசைக்குத் தலைப்பு ‘பெயரில்லாதவர்’.

அந்த வரிசையில் ஒரு முகமும் இல்லை. சுவர், ஜன்னல் திரை, படிக்கட்டு, ஒரு துண்டு வானம், பூங்காவின் வேலி. எல்லாம் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டப்பட்டு, ஒரே ஆளின் முகங்களைப் போல அடுக்கப்பட்டிருந்தன. வேறு யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். டச்சிங்காரர் சிரிக்கவில்லை. அந்தச் சுவர் ஒவ்வொன்றையும் அவருக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் பூசியது அவர் கைதான்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டது. மகள். டீயை மேசையில் வைத்துவிட்டுத் திரையில் திறந்திருந்த அவருடைய இளவயதுப் படத்தைக் குனிந்து பார்த்தாள்.

“ஐயோ, இந்தக் கட்டம்போட்ட சட்டையில எவ்ளோ ஒல்லியா இருக்கீங்க! அப்பா, இது யாரோட கை?”

“எது?”

“உங்க தோள்ல இருக்கே. ஆளைக் காணோம், கை மட்டும் இருக்கு.”

“தாத்தாவோடதா இருக்கும்மா.”

“வளையல் போட்டிருக்கு!”

“உங்க தாத்தா அந்தக் காலத்துல பெரிய மைனர். போ, அம்மா கூப்பிடறா பாரு.”

அவள் சிரித்துக்கொண்டே கூடத்துக்குப் போனாள். அவர் அந்தக் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மெல்லிய விரல்கள், ஒற்றை வளையல். சட்டையின் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் சண்டித்தனம் செய்ததால், யார் பார்க்கப்போகிறார்கள் என்று அன்றைக்கு விட்டுவிட்ட கை.

அது அக்காவின் கை. அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். முதல் சம்பளத்தில் தனக்கு ஒரு செருப்புக்கூட வாங்கிக்கொள்ளாமல் தம்பிக்குக் கேமரா வாங்கித் தந்தவள். பிடித்தவனோடு அவள் வீட்டை விட்டுப் போன அன்று, அப்பா ஆல்பங்களையெல்லாம் தூக்கி வந்து அவர் முன்னால் போட்டார். “இந்த வீட்ல அவ இருந்ததே தெரியக் கூடாது. நீதான் கெட்டிக்காரனாச்சே, எடுத்துடு.” அப்பா வாயால் கெட்டிக்காரன் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு கை நிற்குமா? ஒன்று விடாமல் எடுத்தார். நல்ல பிரதி ஒன்றை ஒரு டிஸ்க்கில் ஒளித்து வைத்திருந்தால் அப்பாவுக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. அதைக்கூடச் செய்யவில்லை. திருத்திய படத்தை அதே பெயரில் அதன் மேலேயே சேமித்தார். ஃபிலிம் சுருள்களைக் கொளுத்தினார்.

அப்பா போய்ச் சில வருடங்கள் கழித்து, இதே போல ஒரு மழை மாலையில், நோயும் ஒரு பையுமாக அவள் வந்து நின்றாள். “டேய் தம்பி, நான்தான்டா. கதவைத் தொற.” அவர் கதவுக்கு இந்தப் பக்கம் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றார். வீட்டில் பாதி கேட்பாளோ என்று ஒரு பயம். ஒரே பிள்ளை என்று சொல்லிக் கட்டிய பெண்டாட்டி உள்ளேயிருந்து யாரென்று கேட்கிறாளே என்று ஒரு பயம். “அப்படி யாரும் இங்க இல்லங்க. வேற வீடு பாருங்க,” என்றார். கூடப்பிறந்தவளுக்கு அவர் மரியாதை கொடுத்துப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

பேருந்து நிழற்குடையில் செத்துக் கிடந்த பெண்ணின் பையில் இந்த விலாசம் இருந்ததென்று போலீஸ்காரர் வந்தபோதும் அவருக்கு நாக்கு குழறவில்லை. ஆல்பத்தையே எடுத்துக் காட்டினார். பாருங்க சார், எங்க வீட்டுல யாராவது விட்டுப்போயிருக்காங்களா? ஒப்பிட்டுப் பார்க்க ஒரு படம்கூட இல்லாமல், பெயர் என்ற இடத்தில் கோடு போட்டு அவளை எரித்தார்கள். அதற்குப் பிறகும் அவர் நன்றாகத்தான் தூங்கினார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

டீ ஆறிப்போயிருந்தது. மூன்றாவதைத் திறந்தார். இது இலவசம், பார்வைக்குச் சோளக்கொல்லை பொம்மை. ஆனால் இதற்கு ஒரு தங்கமான குணம் உண்டு: மூலப் படத்தின் மேல் விரலை வைக்காது. செய்த திருத்தத்தையெல்லாம் பக்கத்தில் தனிக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் ஒரே சொடுக்கில் பழைய படம் திரும்பிவிடும். இதுதான் நமக்குச் சரி என்று தேர்ந்தெடுத்தார். ஓடவிட்டார்.

பெயரில்லாதவரின் வரிசை இப்போது இன்னும் நீளமாக இருந்தது.

மகள் பிறந்த ஆஸ்பத்திரி அறை. தொட்டிலுக்குப் பின்னால் வெறும் சுவரில் கட்டம். பள்ளிக்கூட வாசல், முதல் நாள். மதில்மேல் கட்டம். கல்லூரி விடுதி, படிக்கட்டில் கட்டம். இவையெல்லாம் அக்கா செத்த பிறகு எடுத்த படங்கள். இவற்றில் அவர் கையே வைத்ததில்லை. மதிலைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு செங்கலின் உடைந்த மூலை இரண்டு இடத்தில் ஒன்றுபோல் இருந்தது. பக்கத்துச் செங்கலை எடுத்து ஒட்டிய வேலை. அவருடைய பாணி, அச்சு அசலாக.

அங்கே யாராவது நின்றிருந்தால்தானே அழித்திருக்க முடியும்?

வருடம் ஏற ஏறக் கட்டம் பெரிதாகிக்கொண்டே வந்தது. பெரிதாவதென்றால் கிட்டே வருவது. அது அவருக்குத் தெரியாதா? போன வாரம் மகள் கண்ணாடி முன்னால் கல்யாண உடையைப் போட்டுப் பார்த்தபோது செல்போனில் எடுத்த படம்தான் கடைசி. அதில் கட்டம் அவள் கன்னத்தோடு கன்னமாக இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. மங்கலான அலமாரிக் கதவு மட்டும்.

‘இவர் யார்?’

பெயர் எழுதும் இடத்தில் கோடு மினுங்கி மினுங்கிக் காத்திருந்தது. அறைக்குள் நனைந்த துணியின் வாடை எழுந்தது. ஜன்னலை மூடினார். வாடை கூடியது. மூன்றெழுத்து, அக்கா, அவ்வளவுதான் கேட்டது. அவர் விரல்கூட முதல் எழுத்தின் மேல் போய் நின்றது. ஆனால் மகள் கேட்பாள். சம்பந்தி வீட்டார் கேட்பார்கள். செத்தவள் இத்தனை வருடம் கழித்து வந்து கல்யாணத்தைக் கெடுப்பாளா என்று அவருக்குக் கோபம்தான் வந்தது. பட்டியலை இறக்கி ‘இவரைப் புறக்கணி’ என்பதைத் தொட்டார்.

‘நிச்சயமாகவா? இவர் இனி எந்தப் படத்திலும் காட்டப்பட மாட்டார்.’

ஆம் என்று அழுத்தினார்.

வரிசை மறைந்தது. அப்பாடா என்று முதுகைச் சாய்த்துக்கொண்டு, தானும் மகளும் சேர்ந்திருக்கும் படங்களைத் தேடச் சொன்னார். ஏராளமாக வந்தன. ரசித்துக்கொண்டே இருந்தவருக்கு அவை குறைவது முதலில் தெரியவில்லை. ஓரத்திலிருந்து ஒன்று போயிற்று. பிறகு இன்னொன்று. காணாமல் போனதைத் தேடித் திறந்தார். நடை பழகும் குழந்தை, ஒரு கையை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நின்றாள். அந்தக் கையைப் பிடித்திருந்தது அவர்தான். இப்போது அங்கே தரை. ஓடுகளின் கோடு பிசகவில்லை, நிழல்கூடச் சரியாக எடுக்கப்பட்டிருந்தது. நல்ல கை என்று தொழில் புத்தி ஒரு கணம் மெச்சியது. அதற்குப் பிறகுதான் அங்கே அழிந்திருப்பது தான் என்பது உறைத்தது.

சைக்கிள் பழகும் படம். அவர் இல்லை. பட்டமளிப்பு. அவர் இல்லை. பதறிப்போய் ‘மூலத்துக்குத் திரும்பு’ என்பதை அழுத்தினார். இந்த மென்பொருளின் தங்கமான குணம் அதுதானே.

‘இதுவே மூலப் படம்.’

மறுபடி அழுத்தினார்.

‘இதுவே மூலப் படம்.’

வாசல் மணி அடித்தது.

“யாருன்னு பாரு,” என்று கூடத்துக்குக் குரல் கொடுத்தார். பதில் இல்லை. மீண்டும் மணி. எழுந்து போனார். கூடத்தில் மனைவியும் மகளும் துணிகளை விரித்துப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். “காது கேக்கலையா?” என்றார். மனைவி அவர் நின்ற இடத்தின் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் துணியை மடித்தாள்.

கதவைத் திறந்து வாசலுக்கு வந்தார். யாரும் இல்லை. மழை. விளக்கு வெளிச்சத்தில் படியின் மேல் ஈரக் காலடிகள். வெறும் கால். எல்லாம் உள்ளே போகிற காலடிகள்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

தட்டினார். இரண்டு கையாலும் தட்டினார். “பாப்பா! அப்பாதான்டா. கதவைத் தொற!”

உள்ளே காலடி வந்து நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் மகள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

“யாருங்க?”

“அப்பாதாம்மா. உங்க அப்பா.”

“அப்படி யாரும் இங்க இல்லங்க. வேற வீடு பாருங்க.”

காலடி திரும்பிப் போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னறை ஜன்னலுக்கு ஓடினார். கண்ணாடியில் கையை ஊன்றி உள்ளே பார்த்தார். அவருடைய நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஈரக் கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் தேங்கியிருந்தது. மகள் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, கன்னத்தோடு கன்னமாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரே ஒரு படம். பள்ளிச் சீருடையில் மகள். அவள் தோளில் ஒரு ஆணின் கை. ஆள் இல்லை.

“அத்தை, இது யாரோட கை?”

“தெரியலயே கண்ணு.”

அக்காவின் குரலேதான். வயது ஏறாத குரல். ஒற்றை வளையல் மேசையில் இடித்துச் சத்தம் கேட்டது. அவள் மௌஸைப் பிடித்தாள்.

“அசிங்கமா இருக்கு அத்தை.”

“எடுத்துடலாம்.”

முதல் சொடுக்கு கேட்டது. டச்சிங்காரர் கண்ணாடியில் ஊன்றியிருந்த தன் கையைப் பார்த்தார். சுண்டுவிரல் இருந்த இடத்தில் மழைத்தண்ணீர் நேராக வழிந்துகொண்டிருந்தது.