அழுகிற இடம்

நீல விளக்கு எரிந்ததும் அரங்கில் இருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கைக்குட்டையை எடுத்தார்கள். விவரம் தெரிந்த சிலர் முன்கூட்டியே எடுத்து மடியில் வைத்திருந்தார்கள். கண்ணீர் வந்தது. நிஜக் கண்ணீர்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விளக்கு அணைந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, அடுத்து மஞ்சள் எரியுமா சிவப்பு எரியுமா என்று முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மேடையில் கால்விரல் நுனியில் நின்றுகொண்டிருந்த நப்பின்னைக்கு இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. செவ்வாய் மண்ணுக்கு அடியில் குடைந்த ஊர்களில், ஊருக்கு ஒரு மாலை என்று ‘திரும்பாத கலம்’ என்ற இசை நாடகத்தை அவர்கள் குழு நடத்திக்கொண்டு வந்தது. பாதி பாலே, பாதி ஜாஸ். எந்த ஊரானால் என்ன, நீலத்துக்கு அழுதார்கள், மஞ்சளுக்குச் சிரித்தார்கள், சிவப்புக்கு மயிர்க்கூச்செறிந்தார்கள்.

செவ்வாயில் பிறக்கும் குழந்தைக்கு, தடுப்பூசி போடுகிற கையோடு காதுக்குப் பின்னால் எள்ளளவு மெய்ப்பாட்டுமானி ஒன்றையும் பதித்துவிடுவார்கள். கண்ணீர், சிரிப்பு, புல்லரிப்பு, விம்மல் எல்லாவற்றையும் அது அளந்து சராசரி நிலையத்துக்கு அனுப்பும். நாடகம் முடிந்தால் நூற்றுக்கு இத்தனை என்று எண் வரும். ஆரம்பத்தில் இவ்வளவுதான் ஏற்பாடு. பிறகு மக்களிடமிருந்து புகார் வர ஆரம்பித்தது. சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துவிட்டோம், பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரி பார்த்தார், குடும்பத்தோடு வந்த இடத்தில் இப்படி ஒரு அவமானம் தேவையா என்று. நியாயம்தானே. அதனால் ஒவ்வொரு சீட்டின் முதுகிலும் விளக்கு வைத்தார்கள். முந்தைய ஊர்களில் பெரும்பாலோர் அந்த இடத்தில் எதை உணர்ந்தார்களோ, அந்த நிறம் எரியும். அப்புறம் யாரும் தப்பாக உணரவில்லை.

முதல் ஊரில் அரங்கத்துக்குப் பக்கத்துச் சமையல்கூடத்தில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்கள். இரண்டாம் காட்சியில் எல்லோருக்கும் கண் கலங்கியது. அன்றிலிருந்து அது அழுகிற இடமாகிவிட்டது. உண்மையில் அந்தக் காட்சியில் கதாநாயகி காலணிக்கு நாடா கட்டுகிறாள். வேறு ஒன்றும் நடப்பதில்லை.

நப்பின்னைக்கு அதுகூடப் பெரிதில்லை. அவள் வயிற்றெரிச்சலெல்லாம் கடைசிக் காட்சியைப் பற்றித்தான். பூமியிலிருந்து வரும் கலத்தில் கணவன் இருக்கிறான் என்று காத்திருப்பவளிடம், கலம் வழியிலேயே எரிந்துபோயிற்று என்று சொல்கிறார்கள். உடனே அவள் மேடையின் குறுக்கே மூன்று பாய்ச்சல் பாய வேண்டும். சிவப்பு எரியும். புல்லரித்துப்போய்க் கை தட்டுவார்கள். ஈர்ப்பு குறைந்த செவ்வாயில் அந்த உயரத்தைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாக்கடை தாண்டும்போதே தாண்டிவிடும்.

“புருஷன் செத்துட்டான்னு கேட்டவ எகிறிக் குதிப்பாளா, அண்ணாச்சி?” என்று குழு மேலாளர் ஜெபராஜிடம் பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டாள்.

“குதிச்சா எண்பது வருதும்மா. குதிக்காட்டி எவ்வளவு வரும்னு எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்துல நான் கை வைக்கிறதில்ல” என்பார் அவர். கெட்ட மனிதர் இல்லை. எண்ணுக்குப் பயந்தவர், அவ்வளவுதான்.

அவளிடம் வேறொரு முடிவு தயாராக இருந்தது. சேதி கேட்டதும் அவள் குதிக்க மாட்டாள். கலம் வரும் திசையைப் பார்த்துக் கால்விரல் நுனியில் ஏறி நிற்பாள். பூமியில் என்றால் கொஞ்ச நேரத்தில் கால் விட்டுவிடும். இங்கே நிற்கலாம், மனிதர்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாத அளவு நேரம் நிற்கலாம். பியானோவும் டிரம்ஸும் ஒவ்வொன்றாக ஓய்ந்து, ட்ரம்பெட் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு கூட வரும். கடைசியில் கணுக்கால் தானாக மடியும். திரை. இதை அவள் ஒத்திகை பார்த்தபோது ட்ரம்பெட் வாசித்த கித்தேரியான் வாத்தியத்தை இறக்கி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். “இத ஆடாம நீ சாகக் கூடாது பின்னை” என்றான்.

கீழக்குடைவு என்ற ஊருக்கு அவர்கள் வந்து இறங்கிய அன்று மேலே புழுதிப் புயல் அடித்துக்கொண்டிருந்தது. சராசரி நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது. அரங்கத்துக்குள் இருக்கும் கணிப்பான் அன்றைய எண்ணைக் கூட்டிச் சொல்லும்; ஆனால் மற்ற ஊர்கள் என்ன உணர்ந்தன என்பது வராது. விளக்கு எரியாது.

நப்பின்னை விடுவாளா. நேரே ஜெபராஜிடம் போய் நின்றாள்.

“இன்னைக்கு ஒருநாள் விடுங்க அண்ணாச்சி. வெளக்கு இல்ல. அவங்களுக்கா என்ன தோணுதோ அதுதான் எண்ணு. எனக்கு அது தெரிஞ்சா போதும்.”

ஜெபராஜ் தாடையைச் சொறிந்தார். “அறுபது வந்தா நாடகத்துலயே சேத்துருவோம். வரலேன்னா கடைசி ஊரு வரைக்கும் நீ குதிக்கணும். அதுக்கப்புறம் இந்தப் பேச்ச எடுக்கப்படாது. சம்மதமா?”

“சம்மதம்” என்றாள். இந்த ஒரு மாலைக்காக அவள் எத்தனை ஊர் குதித்திருக்கிறாள்.

அன்று மாலை திரை விலகியபோது கீழக்குடைவு மக்கள் முன்சீட்டின் முதுகைப் பார்த்துக் காத்திருந்தார்கள். ஒன்றும் எரியவில்லை. முதல் பாட்டு போயிற்று. இரண்டாவதும் போயிற்று. கித்தேரியான் உயிரைக் கொடுத்து ஒரு ஜாஸ் துண்டை ஊதி நிறுத்தினான். முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா, கை தட்டலாமா, தட்டினால் அசட்டுத்தனமாகிவிடுமா என்று தெரியாமல் உள்ளங்கைகளைத் தொடை மேல் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏங்க, இது சிரிக்கிற எடமா?” என்று ஒரு பெண் கணவனைக் கேட்டது மேடை வரை கேட்டது.

“பேசாம இரு. யாராச்சும் சிரிக்கட்டும், பாப்போம்” என்றார் அவர்.

ஒருவர் இருமினார். பின்பற்ற ஏதோ ஒன்று கிடைத்த நிம்மதியில் இன்னும் ஐந்தாறு பேர் இருமினார்கள். பாவம், அவர்களையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பிறந்ததிலிருந்து ஒரு உணர்ச்சியையாவது தனியாக வெளியே அனுப்பியிருந்தால்தானே பழக்கம் இருக்கும்.

கடைசிக் காட்சி வந்தது. நப்பின்னை விரல் நுனியில் ஏறி நின்றாள். பியானோ நின்றது. டிரம்ஸ் நின்றது. அவள் பார்வை அரங்கத்தின் கடைசிச் சுவரைத் தாண்டி எங்கோ இருந்தது. நகத்தடியில் வலி தொடங்கி முழங்காலுக்கு ஏறியது. அவள் இறங்கவில்லை. இருமல் அடங்கியது. சீட்டுகள் முனகுவதும் அடங்கியது. அந்தக் காற்றே கெட்டியாகிவிட்டதைப் போல இருந்தது அவளுக்கு. ட்ரம்பெட் ஒரே ஸ்வரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. இதற்கு மேல் முடியாது என்கிற இடத்தையும் தாண்டி நின்றாள். அப்புறம் கணுக்கால் மடிந்தது.

மூன்றாம் வரிசையில் ஒருவர் கேவினார். ஒரே ஒரு கேவல். எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

தரையில் கிடந்த நப்பின்னைக்கு அது கேட்டது. ஆடியது சரி என்று அவளுக்கு அந்த நேரத்தில் சந்தேகமில்லாமல் தெரிந்தது. சந்தோஷத்தில் நெஞ்சு வலித்தது. திரை விழுந்தது. கூட்டம் யாரோடும் எதுவும் பேசாமல் கலைந்துபோனது.

ஒப்பனை அறையில் அவள் கால்விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தபோது அந்த மனிதர் வந்து கதவருகே தயங்கி நின்றார். ஐம்பது வயதிருக்கும். சட்டையில் காற்று வரி அலுவலகத்து முத்திரை இருந்தது. குடும்பத்துக்கு இத்தனை மூச்சு என்று கணக்குப் பார்த்து வரி போடுகிற அலுவலகம். ஊரில் அவர்களைப் பார்த்தால் யாருக்கும் ஆகாது.

“எம் பேரு மாசிலாமணிங்க. அங்க சத்தம் போட்டது நான்தான். மன்னிக்கணும்.”

“மன்னிப்பு எதுக்குங்க?”

“இல்லம்மா, ஒண்ணு கேட்டுட்டுப் போயிரலாம்னு வந்தேன். எங்கப்பா செத்தப்பகூட எனக்கு அழுகை வரல. அங்க வெளக்கு கிடையாது பாத்தீங்களா. எல்லாரும் எம் மொகத்தப் பாத்தாங்க, நான் எல்லாரு மொகத்தையும் பாத்தேன். அப்படியே பொழுது போயிருச்சு. இன்னைக்கு நீங்க நின்னுட்டே இருந்தீங்களே... இறங்கிரும்மா, இறங்கிரும்மான்னு எனக்குள்ள ஒருத்தன் கத்துனான். கால் மடங்குனதும் எங்கப்பாதான் விழுந்த மாதிரி இருந்துச்சு.” சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தார். சமாளித்துக்கொண்டார். “நீங்கதான் ஆடுனீங்க, உங்களுக்குத் தெரியும். அது அழுகிற எடம்தானாம்மா?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அவள் இத்தனை நாள் ஆடினாள் என்று சொல்லலாம். ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை. அது அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நடைவழியில் ஜெபராஜின் காலடி கேட்டது.

“கொஞ்சம் இருங்க” என்றாள் நப்பின்னை. “இப்ப எண்ணு வந்துரும்.”

ஜெபராஜ் உள்ளே வந்தார். அவர் முகமே சொல்லிவிட்டது. “நாலும்மா” என்றார். “அதுலயும் ஒரு ஆளுக்கு மட்டும் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. மானிப் பழுதுன்னு கணிப்பானே குறிச்சுக் காட்டுது. அதையும் கழிச்சா ஒண்ணுமில்ல.”

நப்பின்னை அறை மூலையில் உட்கார்ந்திருந்த கித்தேரியானைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ட்ரம்பெட்டின் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். வெகு கவனமாகத் துடைத்தான்.

“எனக்கும் ஒத்திகையிலயே லேசா ஒரு சந்தேகம் இருந்துச்சு” என்றான்.

அவள் தலை குனிந்து கால் கட்டைப் பார்த்தாள். மேடையில் நிச்சயமாகத் தெரிந்தது எதுவோ, அது இப்போது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தேடிப் பார்க்கவும் வெட்கமாக இருந்தது. நாலு என்றால் நாலுதானே. இத்தனை பேர் சேர்ந்தா தப்பாக உணர்வார்கள்?

மாசிலாமணி இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

“இல்லைங்க” என்றாள் அவரிடம். “அது அழுகிற எடம் இல்ல.”

அவர் முகத்தில் ஏதோ அணைந்தது. அடுத்த நொடி பெருமூச்சு விட்டார். “நல்லவேளை, கேட்டுக்கிட்டேன். நாளைக்கே மானியப் பாக்கச் சொல்லணும்” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அடுத்த ஊருக்குச் சுரங்க ரயில் கிளம்பியது. புயல் ஓய்ந்து தொடர்பு திரும்பியிருந்தது. பெட்டிக்குள் ஒலிபெருக்கியில் செய்தி வாசித்தார்கள். நப்பின்னை ஜன்னல் பக்கம் சாய்ந்து பாதி காதில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கீழக்குடைவில் நேற்று மாலை ஏராளமான மெய்ப்பாட்டுமானிகள் பழுதடைந்தன. நாடகம் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர்கள், சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதும், குளிக்கும்போதும், கதவைத் தாழிட்டுக்கொண்ட பிறகும் காரணமில்லாமல் அழுததாகக் கருவிகள் காட்டின. ஏறக்குறைய நாடகத்துக்குப் போன அனைவருக்கும் இது நேர்ந்திருக்கிறது. புயல் புழுதி கருவிக்குள் புகுந்ததே காரணம் என்று சராசரி நிலையம் விளக்கியுள்ளது. அழுதவர்கள் அஞ்ச வேண்டாம். இந்தக் கண்ணீர் கணக்கில் சேராது.”

“நல்ல ஊருடா சாமி” என்றார் ஜெபராஜ். “புழுதிக்கெல்லாம் அழுதிருக்கானுவ. நம்ம நாடகத்துக்கு நாலு போட்டுட்டு.”

கித்தேரியான் சிரித்தான். நப்பின்னையும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கிக் கன்னத்தில் ஓடியது. துடைத்தாள். மறுபடியும் வந்தது. நிறுத்தவே முடியவில்லை. பயந்துபோய்க் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, அடுத்த ஊருல மானி பாக்குற கடை இருக்குமா? எனக்கும் புழுதி புகுந்துருச்சு போல.”

ஜெபராஜ் அவள் முகத்தைப் பார்த்துக் கவலைப்பட்டார். “சாயங்காலத்துக்குள்ள பாத்துரும்மா. குதிக்கும்போது வந்துச்சுன்னா அசிங்கமாப் போயிரும்.”