அணியத்துக்குள் ஒரு கோடு

கஸ்தூரி வரையாத ஒரு கோடு திரையில் இருந்தது.

கூடத்தில் கட்டி முடித்திருந்த படகின் பக்கத்தோற்றத்தில், முன்முனையான அணியத்தின் மேல்தட்டுக்குக் கீழே, விட்டுவிட்டு ஓடும் சின்ன வளைவு. கம்ப்யூட்டரில் படம் வரையப் பழகத் தொடங்கி மூன்றாவது வாரம்தான். ஏதோ தப்பாகத் தட்டிவிட்டோம் என்று அழித்தாள். பழவேற்காட்டு ஃபைபர் படகுக் கூடத்தில் அந்த ஓர் அறைக்கு மட்டும்தான் ஏசி. கறுப்புத் திரைச்சீலைக்கு அப்பால் வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே ரெசின் வாடையும், இயந்திரத்தின் ஓயாத முனகலும், பிடரியில் யாரோ ஈரக்கையை வைத்ததுபோன்ற குளிரும் அவளைச் சூழ்ந்திருந்தன.

மறுநாள் கோடு திரும்பவும் வந்திருந்தது. மேல்தோற்றத்தில் இன்னொன்று, நீள்வட்டமாக. முன்தோற்றத்தில் ஒரு சிறு வட்டம்.

வெளியே தெரியாமல் உள்ளே இருக்கும் பொருளைத்தான் விட்டுவிட்ட கோட்டால் காட்டுவார்கள். ஐ.டி.ஐ.யில் படித்தபோதே அவளுக்கு அது பாடம். ஆனால் அந்த அணியத்துக்குள் எதுவும் இருக்க வழியில்லை. படகு மூழ்காமலிருக்க உள்ளே நுரை ஊற்றி, அது இறுகியதும் மேலே ஃபைபரால் மூடிவிட்டார்கள். திறப்பே கிடையாது.

மூன்று தோற்றங்களையும் மனத்துக்குள் சேர்த்துப் பார்த்தாள். வளைந்த முதுகு. மடக்கிய முழங்கால். குனிந்த தலை.

மேஸ்திரி திருவேங்கடத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். "அண்ணா, அணியத்துக்குள்ள யாரோ குந்தினு இருக்கற மாதிரி வருது."

அவர் வெளியே போய், படகைச் சுத்தியால் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "நுரைதாம்மா. நானே ஊத்தனது. மிஷினு புச்சு, அப்டித்தான் இருக்கும்."

அது அவள் அப்பா ராஜவேலு வாங்கப்போகும் படகு. விடிந்தால் வெள்ளோட்டம். சாயங்காலம் லைட்ஹவுஸ் குப்பத்து வீட்டில் வலை பின்னிக்கொண்டிருந்தவரின் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"நைனா, அந்தப் படகு வாணாம்."

"இன்னாத்துக்கு?"

"படத்துல உள்ள ஒரு ஆளு தெரியுது."

"வரைஞ்சது நீதான?" வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தார். "அழிச்சுடு."

காலையில் அவர் தனியாகத்தான் படகை எடுத்துப் போனார். கஸ்தூரி பத்து மணிக்குக் கம்ப்யூட்டரைப் போட்டாள். விட்டுவிட்டு ஓடிய கோடுகள் எல்லாம் முழுக்கோடுகளாகியிருந்தன. அழித்தாள். அழியவில்லை. மறுபடியும். அழியவில்லை.

வெளியே கூச்சல் கேட்டது.

முகத்துவாரத்தில் அலைந்துகொண்டிருந்த படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மடித்த வலை மடித்தபடி. சாப்பாட்டுத் தூக்கு திறக்காமல். ஆள் இல்லை. பெண்கள் அழத் தொடங்கினார்கள்; கட்டுமரங்கள் அவரைத் தேடிக் கடலுக்குள் போயின.

கஸ்தூரி கடலைப் பார்க்கவில்லை.

"அறுங்கண்ணா."

"எதம்மா?"

அணியத்தைக் காட்டினாள். திருவேங்கடம் அவள் முகத்தைப் பார்த்தார்; ரம்பத்தை எடுத்தார்.

ஃபைபர் தூள் பறந்தது. மேல்தட்டு பெயர்ந்தது.

உள்ளே மஞ்சள் நுரை, கல்லாக இறுகி. அதில் பதிந்த முதுகு. முழங்கால். மயிரிழை இடைவெளி இல்லை. அப்பாவை உட்காரவைத்து, மேலே ஊற்றி, மாதக்கணக்கில் காயவிட்டதுபோல.

வாய் நிறைய நுரை. ஒரு கண் மட்டும் வெளியே.

அது மெல்லத் திரும்பியது. அவளைத் தேடி.