சென்னம்மாவின் கைநாட்டு

விடியற்காலை ஐந்தரைக்கு டயாலிசிஸ் வார்டை ஒட்டிய தண்ணீர் சுத்திகரிப்பு அறையைத் திறந்து, ஆணியில் தொங்கிய பதிவேட்டைக் கையில் எடுத்த சந்திரன், அன்றைய தேதிக்கு நேரே ‘குளோரின்: 0’ என்று ஏற்கெனவே எழுதியிருப்பதைப் பார்த்தான். அவன் எழுத்தேதான். சுழியை உச்சியில் முழுதாக மூடாமல் விடுகிற அவன் பழக்கம்கூட அப்படியே இருந்தது. மை இன்னும் காயவில்லை.

முன்கூட்டி எழுதுவதை அவன் விட்டுப் பல மாதமாகிறது. அதற்கு முன்பெல்லாம் சனிக்கிழமை உட்கார்ந்தால் அடுத்த வாரம் முழுவதற்கும் சுழி போட்டுவிட்டுத்தான் எழுவான். தினமும் குப்பியில் தண்ணீர் பிடித்து, மாத்திரை போட்டு, குளோரின் இருந்து இளஞ்சிவப்பாக மாறுகிறதா என்று ஐந்து நிமிடம் காத்து நிற்க யாருக்குப் பொறுமை? குடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் குளோரின் இருந்தால் பாதகமில்லை. டயாலிசிஸ் தண்ணீரில் இருந்தால் ரத்தத்தையே உடைத்துவிடும். தெரிந்தேதான் போட்டான் படுபாவி.

போன மழைக்காலத்தில் ஆறு கலங்கி வந்ததால் மைசூரில் குழாய்த் தண்ணீருக்குக் குளோரின் மருந்து கூடியிருந்தது. அதை வடிகட்ட வேண்டிய கரித்தொட்டி செத்துக் கிடந்தது. அன்றைக்கும் பதிவேட்டில் சுழிதான். கோபிநத்தத்திலிருந்து பஸ் மாறி மாறி வரும் சென்னம்மா நாலாம் நம்பர் கட்டிலிலிருந்து அவனைக் கூப்பிட்டாள்.

“தம்பி, தண்ணியப் பாத்தீங்களா? உள்ளுக்குள்ள எரியுதுங்க.”

“பாத்தாச்சும்மா. ஜீரோ.”

மதியத்துக்குள் போய்விட்டாள். இதயம் பலவீனம் என்று எழுதினார்கள். சந்திரன் வாயைத் திறக்கவில்லை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். மூன்றே மாதத்தில் அவன் மனைவி ஜோதிமணிக்குச் சிறுநீரகம் பழுதானது. அதே வார்டு, அதே நாலாம் நம்பர் கட்டில். சென்னம்மாவுக்கு இல்லாத ஐந்து நிமிடம் அன்றிலிருந்து தினமும் கிடைத்தது. இன்றைக்கும் ஆறு மணி ஷிஃப்டில் ஜோதிமணிதான் முதல் ஆள்.

பதிவேட்டை விளக்கடியில் பிடித்தான். கையெழுத்து இருக்க வேண்டிய கட்டத்தில் நீலமாக ஒரு பெருவிரல் ரேகை. அந்த வார்டில் கைநாட்டு வைத்தவள் ஒருத்திதான்.

மோட்டார் வழக்கம்போல உறுமிக்கொண்டிருந்தது. ஆனால் பிளீச்சிங் பவுடர் வாடையில் தொண்டை கமறியது, அதற்கு அடியில் காயாத நூல்புடவையின் முடைநாற்றமும் வந்தது. தண்ணீர் பிடித்து மாத்திரை போட்டான். இளஞ்சிவப்பு. குப்பி அழுக்காக இருக்கும் என்று வேறொன்றைக் கழுவி எடுத்தான். இன்னும் அடர்ந்த சிவப்பு. மூன்றாவதில் மாத்திரையே போடவில்லை.

அதுவும் சிவந்தது.

சிவப்புப் பொத்தானை அழுத்தினான். மோட்டார் நிற்கவில்லை. மறுபடி அழுத்தினான். நிற்கவில்லை. போனை எடுத்து வார்டுக்கு அடித்தான். நர்ஸ் வைஷாலி எடுத்தாள். யாருக்கும் போடாதே, தண்ணீர் சரியில்லை என்று கத்தினான்.

“என்னண்ணா இது, நீங்கதானே அப்பவே போன் பண்ணி ஜீரோ, ஸ்டார்ட் பண்ணுன்னீங்க? ஜோதி அக்காவுக்குப் போட்டு பத்து நிமிஷம் ஆச்சே.”

வார்டைப் பார்த்த கண்ணாடி ஜன்னலில் ஆவி படிந்திருந்தது. கையால் துடைத்தான்.

ஜோதிமணியின் கையிலிருந்து மெஷினுக்குப் போகும் குழாயில் ரத்தம் ரத்தமாக இல்லை. சர்பத் மாதிரித் தெளிந்து ஓடியது. அவள் உதடு அசைந்தது. எரியுது. எரியுது.

கட்டிலோரம் ஒருத்தி. சொட்டச் சொட்ட ஈரப்புடவை. மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தாள். போனில் இப்போது கேட்டது வைஷாலியின் குரல் இல்லை.

“பாத்தாச்சுங்க தம்பி. ஜீரோ.”

நீல மை காயாத பெருவிரலை, பொட்டு வைப்பதுபோல, ஜோதிமணியின் நெற்றியில் வைத்து அழுத்தினாள்.